பதினாறு கட்டம், ஒன்பது காய், ஒரு சட்டைப் பொத்தான்

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனாரே, அந்த வாரமே என் மகள் செஸ் வகுப்பில் சேர்த்துவிடச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றாள். ஒன்பது வயது. சேர்த்துவிட்டேன். வகுப்பு இல்லாத நாளில் விளையாட வீட்டில் ஓர் ஆள் வேண்டுமே, நான்தான் அகப்பட்டேன். அந்த அவஸ்தையில் என் கைக்கு வந்த சாலிட்டேர் செஸ் என்ற தனியாள் விளையாட்டின் விமர்சனம்தான் இது.

நான் மன்னார்குடியில் தையல் கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊரிலிருந்து நீடாமங்கலம் போகிற வழியில்தான் திருப்பூவனூர். சதுரங்கத்தில் யாராலும் ஜெயிக்க முடியாத ராஜகுமாரியை, கிழவராக வந்த சிவன் ஆடித் தோற்கடித்து மணந்தார் என்பது தலபுராணம். சுவாமிக்கே சதுரங்க வல்லபநாதர் என்று பேர். வருஷத்துக்கு நாலு தடவை அந்தக் கோயிலுக்குப் போகிற எனக்குக் குதிரை எப்படிப் போகும் என்று தெரியாது. மகள் அதையும் சொல்லிக் காட்டினாள்.

வகுப்பில் பெற்றோருக்கென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார்கள். 64 கட்டம், 32 காய், காஸ்லிங், ஆன் பாசான் என்கிற விசேஷ நகர்த்தல்கள் என்று பாடம் எடுத்த பையன் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார். சிப்பாய் நேராக நடக்கும், சாய்வாக வெட்டும் என்பது வரை எனக்குத் தங்கியது. மீதி எல்லாம் வாசல் தாண்டுவதற்குள் போய்விட்டது.

பொங்கலுக்கு சிங்கப்பூரிலிருந்து வந்த என் தம்பி, "அக்கா, இதை நீ தனியாவே விளையாடலாம்" என்று ஒரு பெட்டியைக் கொடுத்தான். திங்க்ஃபன் நிறுவனத்தின் சாலிட்டேர் செஸ்.

பலகையில் நாலுக்கு நாலு, பதினாறே கட்டங்கள். காய்கள் பத்து: ராஜா ஒன்று, ராணி ஒன்று, யானை, மந்திரி, குதிரை, சிப்பாய் இரண்டிரண்டு. எல்லாம் ஒரே நிறம், ஏனென்றால் எதிராளி கிடையாது. புதிர் அட்டையில் காட்டியபடி காய்களை வைக்க வேண்டும். செஸ்ஸில் எந்தக் காய் எப்படிப் போகுமோ அப்படியேதான் இதிலும் போகும், ஆனால் ஒவ்வொரு நகர்த்தலிலும் ஒரு காயை வெட்டியே ஆக வேண்டும். கடைசியில் ஒரே ஒரு காய் மிஞ்சினால் முடிந்தது. என் பெட்டியில் 60 புதிர்கள், சுலபத்தில் தொடங்கிக் கடினம் வரை.

சும்மா நகர்த்த வழியில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். பெரிய பலகையில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால் ஒரு சிப்பாயைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிடலாம். இங்கே ஒவ்வொரு காயாகப் பார்த்து, இது யாரை எட்டும், இதை யார் எட்டுவார் என்று கேட்டே தீர வேண்டும். குதிரை 'ட' மாதிரி போகும் என்று மகள் பத்து தடவை சொல்லியும் ஏறாதது, முதல் வாரத்திலேயே விரலுக்குப் பழகிவிட்டது. துணி விரித்தால் கத்தரி போகிற பாதை கண்ணுக்குத் தெரியுமே, அந்த மாதிரி.

கடைக்கு வரும் பிள்ளைகளுக்கு நானே அடுக்கிக் காட்டும் ஒன்றைச் சொல்கிறேன். இடதுபக்கக் கீழ்மூலையில் யானை. அதிலிருந்து மேலே இரண்டாவது கட்டத்தில் குதிரை. யானையிலிருந்து வலதுபக்கம் இரண்டாவது கட்டத்தில் மந்திரி. யானை மந்திரியை வெட்டினால் தீர்ந்தது கதை: மிஞ்சுகிற யானையும் குதிரையும் ஒன்றையொன்று தொட முடியாமல் முழிக்கும். யானை குதிரையை வெட்டினால், மந்திரி சாய்வாக வந்து யானையை வெட்டிவிடும், ஆட்டம் முடிந்தது. இன்னொரு வழியும் இருக்கிறது, அதை நீங்களே பாருங்கள். எதை வெட்டலாம் என்று மட்டும் பார்த்தால் போதாது, வெட்டிய பிறகு நான் எங்கே நிற்பேன் என்றும் பார்க்க வேண்டும் என்பது இந்த மூன்று காயிலேயே புரிந்துவிடும்.

சிப்பாயில் மட்டும் கொஞ்சம் குழம்பும். மேல்பக்கமாகத்தான் சாய்வாக வெட்டும். எதிரே உட்கார்ந்து எட்டிப் பார்க்கும் பிள்ளைக்கு மேல் எது, கீழ் எது என்று தகராறு வரும். பக்கத்தில் உட்கார வையுங்கள்.

காய்கள் சின்னவை. வெட்டுமேசையில் வைத்து விளையாடியதில் ஒரு சிப்பாய் துணிக் குப்பையோடு போய்விட்டது. தப்பு என்னுடையதுதான். அந்த இடத்தில் இப்போது வெள்ளைச் சட்டைப் பொத்தான் ஒன்று சிப்பாய் வேலை பார்க்கிறது.

சரி, இதை முடித்தால் செஸ் வந்துவிடுமா? வராது. ஐம்பது புதிர் தாண்டிய தைரியத்தில் மகளோடு பெரிய பலகையில் உட்கார்ந்தேன். அவள் வெள்ளை. மந்திரியை வெளியே கொண்டுவந்தாள், அப்புறம் ராணியைச் சாய்வாக ஓரத்துக்கு நகர்த்தினாள். எனக்கு ஒரே சந்தோஷம். குதிரையை எடுத்து வைத்து, அடுத்த நகர்த்தலில் அந்த ராணியை வெட்டிவிடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் ராஜா பக்கத்தில் இருந்த சிப்பாயை ராணியாலேயே வெட்டி, "செக்மேட்டும்மா" என்றாள். பின்னால் மந்திரி காவலுக்கு நிற்பதால் ராஜா அந்த ராணியைத் தொட முடியாது. தப்பவும் வழியில்லை, ஆட்டம் முடிந்தது. நாலே நகர்த்தல்.

இதுதான் இந்த விளையாட்டின் பெரிய குறை. ராஜாவுக்கு செக் என்ற பேச்சே இதில் இல்லை, ராஜாவும் பத்தோடு பதினொன்று. எதிராளி என்ன நினைக்கிறாள் என்று யோசிக்கும் பழக்கமும் வராது. வெட்டு வெட்டு என்று கை பரபரக்கிறது. காஸ்லிங், சிப்பாய் ராணியாக மாறுவது எல்லாம் வேறு எங்காவதுதான் கற்க வேண்டும்.

அதற்கு நாங்கள் செய்த வழி: பெரிய பலகையில் ஆளுக்கு எட்டுச் சிப்பாய் மட்டும் வைத்து, யார் முதலில் மறுகரை தொடுகிறார் என்று ஆடினோம். அது பழகியதும் ராஜாக்களைச் சேர்த்தோம். இப்படிச் சுருக்கி ஆடுவது ஒன்றும் கேவலமில்லை. 1956-ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் மேனியாக் என்ற கணினிக்கு செஸ் ஆடச் சொல்லிக் கொடுத்தவர்களே, அதற்குச் சக்தி போதாமல் மந்திரிகளை நீக்கி ஆறுக்கு ஆறு பலகையில்தான் ஆடவிட்டார்கள். அந்தக் கணினி முதலில் தோற்கடித்த மனிதர், செஸ் கற்று ஒரு வாரமே ஆனவர். அவர் மேல் எனக்குத் தனி அனுதாபம்.

ஆனந்துக்கு ஆறு வயதில் செஸ் சொல்லிக்கொடுத்தவர் அவர் அம்மா என்பார்கள். எங்கள் வீட்டில் தலைகீழ்.

வாங்கலாமா என்றால்: பிள்ளைக்குக் காய்களின் நடை தெரியும், ஆனால் பலகையைப் பார்க்கத் தெரியவில்லை என்றால் வாங்கலாம். என்னைப் போல் தனியாக, யாரும் பார்க்காமல் தப்பு செய்து பழக வேண்டிய பெரியவர்களுக்கு இன்னும் நல்லது. செக்மேட் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் வாங்க வேண்டாம். காசு செலவழிக்க மனமில்லையா, வீட்டில் இருக்கிற செஸ் பலகையில் நாலுக்கு நாலு கட்டத்தை நூலால் வளைத்துக்கொண்டு அதே காய்களை வைத்து ஆடலாம். ஆனால் விடை உள்ள புதிராக அடுக்குவது லேசுப்பட்ட வேலை இல்லை. காசு கொடுப்பது அந்த 60 அட்டைக்குத்தான்.

இப்போது அட்டைகள் தீர்ந்துவிட்டதால் மகளே பள்ளிக்குப் போகுமுன் ஒன்று அடுக்கி வைத்துவிட்டுப் போகிறாள். போன வியாழக்கிழமை மதியம் முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன். ஒரு ரவிக்கைக்குக் கழுத்து வெட்டாமல் அப்படியே கிடந்தது. சாயங்காலம் வந்து பையைக்கூடக் கழற்றாமல் பலகையைப் பார்த்துச் சிரித்தாள். "அதுக்கு விடையே கிடையாதும்மா."