பிக்அப் அதேதான், காந்தம் மட்டும் மாற்றினேன்: நான்கு ஆண்டு அனுபவம்

கிருஷ்ணகிரியில் ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்கிறேன். மாசி, பங்குனி வந்தால் ஓய்வே கிடையாது. என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய, இரண்டு ஹம்பக்கர் உள்ள எலக்ட்ரிக் கிட்டார். கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்புக்கு அனுப்புவது பிக்அப்; காந்தத்தோடு இரண்டு காயில் (கம்பிச்சுருள்) உள்ள பிக்அப்தான் ஹம்பக்கர். இரண்டிலும் செராமிக் காந்தம். டிஸ்டார்ஷன் என்ற கரகரப்பு எஃபெக்ட் போட்டால் கூட்ட இரைச்சலையும் மீறிக் கேட்கும். அது இல்லாமல் கிளீனில் மெலடி வாசித்தால்தான் தகரத்தைத் தட்டுவது மாதிரி இருக்கும்.

புது பிக்அப் விலையைக் கேட்டதும் அந்த ஆசை போய்விட்டது. பெங்களூரு போனபோது இரண்டு அல்நிக்கோ காந்தப் பட்டைகள் மட்டும் வாங்கினேன்: பிரிட்ஜ் (கம்பிகள் கிட்டாரின் உடலில் முடியும் இடம்) பக்க பிக்அப்புக்கு அல்நிக்கோ 5 ரகம், நெக் (கழுத்து) பக்க பிக்அப்புக்கு அல்நிக்கோ 2 ரகம். அலுமினியம், நிக்கல், கோபால்ட் மூன்றையும் இரும்போடு சேர்த்த கலவை. 2-ஐ விட 5-க்கு ஈர்ப்பு அதிகம். பழைய பட்டையின் தடிமனை அளந்துகொண்டு போனது நல்லதாகப் போயிற்று.

பிக்அப்பின் அடியில் உள்ள நான்கு ஸ்க்ரூக்களைத் தளர்த்தினால், இரண்டு காயில்களுக்கும் கீழே நடுவில் படுத்திருக்கும் காந்தம் பக்கவாட்டில் நழுவி வரும். சாலிடரிங்கே வேண்டாம். மாட்டும்போது நெக் காந்தத்தைத் திருப்பிப் போட்டுவிட்டேன். தனித்தனியாக வாசித்துப் பார்த்ததில் ஒன்றும் தெரியவில்லை. காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு திருவிழாவில் இரண்டு பிக்அப்பும் சேர்ந்து ஒலிக்க ஸ்விட்சை நடுவில் வைத்தேன், பேஸ் மொத்தமும் காணாமல் போனது. "அண்ணே, பாக்கெட் ரேடியோ மாதிரி கேக்குது" என்றான் ரிதம் பேட் வாசிக்கும் தம்பி. காந்தம் திரும்பியிருந்ததால் இரண்டு பிக்அப்பின் சத்தமும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்தன. கழற்றும் முன் மார்க்கரில் ஒரு கோடு போட்டிருந்தால் அந்த அவமானம் மிச்சம்.

நெக்கில் அல்நிக்கோ 2 இன்றும் இருக்கிறது. பிக் படும் முதல் அடி மழுங்கி, குரல் மாதிரி வரும். ஓவர்டிரைவ் (மிதமான டிஸ்டார்ஷன்) ஏற்றினால் கீழ்க்கம்பிகள் கொஞ்சம் குழையும், அதைப் பொறுத்துக்கொள்கிறேன். பிரிட்ஜில் அல்நிக்கோ 5 வீட்டில் அருமை. பேஸ் இறுக்கம், மேல் ஸ்தாயி தெளிவு. மேடையில் இரண்டு கீபோர்டுக்கு நடுவே அமுங்கியது. ஒரு வருஷம் பார்த்துவிட்டு அங்கே செராமிக்கையே திரும்பப் போட்டேன்.

அப்போது பிக்அப்பை இரண்டு மில்லிமீட்டர் கீழே இறக்கினேன். தகரச் சத்தம் பாதி குறைந்தது! இதை முதல் நாளே செய்து பார்த்திருக்கலாம். காசு கொடுத்து வாங்கிய அல்நிக்கோ 5 இப்போது பீரோ கதவில் கரண்ட் பில்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.