புகையிலைக் கட்டி அழுத்த ஜாக்கியா, ஜி கிளாம்ப்பா?

டின்னில் வாங்குவதை விட்டுவிட்டு, முழு இலையாக வாங்கிப் பைப் புகையிலையை நானே கலந்து அழுத்த ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. நான் இருப்பது வட கரோலினாவில். 1839-இல் இங்குள்ள கேஸ்வெல் கவுண்டியில் ஸ்டீபன் என்ற அடிமைத் தொழிலாளி, அணையப்போன நெருப்பில் கரியைப் போட்டுச் சூடேற்றியபோது இலை பளிச்சென்று மஞ்சளாக உலர்ந்தது என்றும், மஞ்சள் வர்ஜீனியா என்ற புகையிலை வகை அப்படித்தான் பிறந்தது என்றும் சொல்வார்கள். அதனால் நல்ல இலை கிடைப்பது எனக்குச் சிரமமாக இல்லை. எதை வைத்து அழுத்துவது என்பதில்தான் நிறைய இலையை வீணாக்கினேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புகை பிடிக்காதவர்கள் இதைப் படித்து ஆரம்பிக்க வேண்டாம். வீட்டில் செய்தாலும் புகையிலை புகையிலைதான், புற்றுநோய் ஆபத்து குறையாது. ஏற்கெனவே பைப் பிடிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

என் கலவை 250 கிராம்: சிவப்பு வர்ஜீனியா 170, மஞ்சள் வர்ஜீனியா 50, பெரீக் (அழுத்திப் புளிக்க வைத்த காரமான புகையிலை) 30. நடு நரம்பை உரித்தெடுத்து, இட்லிப் பாத்திரத்தில் இருபது நிமிடம் ஆவி காட்டி, சூடு ஆறுமுன் 8-க்கு 16 செ.மீ. மேப்பிள் பெட்டியில் அடுக்குவேன். உள்ளே பட்டர் பேப்பர், மேலே ஒரு மரக்கட்டை. எல்லா இலையும் ஒரே தடவையில் பெட்டிக்குள் போகாது. பாதியை அடுக்கி அமுக்கிவிட்டு, மீதியை மேலே வைக்க வேண்டும். பைன் மரம் வேண்டாம், பிசின் வாசனை இலையில் ஏறிவிடும்.

இனி அழுத்தம். மூன்று வழி உண்டு. முதலாவது கயிறு. பிரிட்டிஷ் கடற்படை மாலுமிகள் இலையில் ரம் தெளித்து, கித்தான் துணியில் சுருட்டி, மேலே கயிற்றை வரிந்து வரிந்து இறுக்கி வைப்பார்கள். செலவே கிடையாது. ஒரே ஒரு தடவை செய்து பார்த்தேன். உருளை நன்றாகவே வந்தது, நடுப்பகுதி மட்டும் இளகலாக இருந்தது. கை பழகினால் சரியாகும் என்று நினைக்கிறேன்.

அடுத்தது, காரைத் தூக்கும் பாட்டில் ஜாக்கி. நான் முதலில் வாங்கியது இதைத்தான். 6 டன் ஜாக்கி, அதற்கென்று ஒரு இரும்புச் சட்டம். கணக்குப் போட்டால் ஆசையாகத்தான் இருக்கும்: என் பெட்டியின் பரப்பு 128 சதுர செ.மீ., முழு பலத்தில் அழுத்தினால் ஒரு சதுர செ.மீ.க்குச் சுமார் 47 கிலோ. அவ்வளவு தேவையே இல்லை என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. ஆவி காட்டிய ஈர இலையிலிருந்து கருஞ்சாறு பிதுங்கி வழிந்தது. இலையின் இனிப்பும் அதோடு போயிற்று. பெட்டியின் ஒட்டு ஒரு மூலையில் விட்டுவிட்டது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், மெதுவாக அழுத்தினால் போதும். நான் ஜாக்கியைக் கைவிட்டதற்குக் காரணம் வேறு. புகையிலைக்கு அழுத்தம் எவ்வளவு என்பதைவிட, அது எத்தனை நாள் விடாமல் நிற்கிறது என்பதுதான் முக்கியம். அடுக்கிய இலை பஞ்சு மெத்தை மாதிரி. அமுக்கினால் அமுங்கும், விட்டால் எழும்பும். இரண்டு மூன்று நாள் எழும்ப விடாமல் பிடித்து வைத்தால்தான் அந்தத் துள்ளல் அடங்கி, ஓர் இலையின் ஈரமும் எண்ணெயும் அடுத்த இலைக்கு இறங்கும். நடுவில் அழுத்தம் தளர்ந்தால் அடுக்குகளுக்குள் காற்று புகும். அப்புறம் கத்தி வைத்ததும் கட்டி ஏடு ஏடாகப் பிரிந்துவிடும்.

ஜாக்கியில் அழுத்தத்தைத் தாங்குவது எண்ணெய். வால்வு துளி கசிந்தாலும் தண்டு கீழே இறங்கும். இரவு இறுக்கிவிட்டுப் படுத்தால் காலையில் தளர்ந்திருக்கும். என்னுடையதில் கசிந்த எண்ணெய் மரக்கட்டை வழியாக ஊறி, ஒரு முழுக் கட்டியையே தூக்கி எறிய வேண்டியதாயிற்று. எல்லா ஜாக்கியும் இப்படி என்று சொல்ல மாட்டேன், நான் பயன்படுத்தியது ஒன்றே ஒன்றுதான்.

மூன்றாவது ஜி கிளாம்ப், அதாவது G எழுத்து வடிவில் இருக்கும், திருகி இறுக்கும் இரும்புப் பிடி. இதில் தாங்குவது மரை. தானாகப் பின்னால் சுற்றாது. இலை அமுங்க அமுங்க இறுக்கம் குறையத்தான் செய்யும், ஆனால் கட்டை வைத்த இடத்தைவிட்டு மேலே வராது. முதல் நாள் மணிக்கொரு தடவை அரைச் சுற்று, இரண்டாம் நாள் காலையும் மாலையும், அதன்பின் தொட வேண்டியதே இல்லை. ஐந்தாம் நாள் திறந்தால் இரண்டு செ.மீ. கனத்தில் பலகை மாதிரி கட்டி. லூசியானாவில் செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் பெரீக் செய்பவர்களும் ஓக் பீப்பாயில் இலையை அடைத்து, திருகு ஜாக்கியால்தான் இறுக்குகிறார்கள். நடுநடுவே திறந்து இலையைக் காற்றாட விட்டு மறுபடி இறுக்குவார்கள், மாதக்கணக்கில்.

இன்னொரு வசதி, பெட்டியைக் கிளாம்ப்போடு அப்படியே ஓவனில் வைக்கலாம். 90 டிகிரி செல்சியஸில் நான்கு மணி நேரம் வைத்தால் மஞ்சள் இலையின் பச்சை வாடை அடங்கி, உலர்ந்த அத்திப்பழ வாசனை வரும். எண்ணெய் உள்ள ஜாக்கியைச் சூட்டில் வைக்கவே கூடாது. கிளாம்ப்பின் பிடியில் பிளாஸ்டிக் இல்லாமல் பார்த்து வாங்குங்கள்.

ஒரு கிலோவுக்கு மேல் ஒரே தடவையில் அழுத்துகிறவர்களுக்கும், கல் மாதிரி பிளக் (கெட்டியாக அழுத்திய கட்டி) வேண்டும் என்பவர்களுக்கும் ஜாக்கி சரிவரலாம். நான் 250 கிராமைத் தாண்டியதில்லை. லட்டாக்கியா (புகை காட்டி உலர்த்திய புகையிலை) கலவையை இரண்டு தடவைதான் அழுத்தியிருக்கிறேன், அதற்குக் கிளாம்ப்பே தாராளம்.

வாங்குவதானால் 8 அங்குலம் திறக்கும் ஜி கிளாம்ப் இரண்டு வாங்குங்கள். ஒன்று மட்டும் போட்டால் கட்டை ஒரு பக்கம் சாயும். இரண்டையும் மாறி மாறிக் கால் சுற்றாகத் திருகுங்கள். திறந்த கட்டியைக் கண்ணாடி ஜாடியில் ஒரு மாதமாவது மூடி வைத்துவிட்டு, பிறகு வெட்டுங்கள். முதல் வாரம் தினமும் ஒரு பார்வை பாருங்கள், ஈரம் கூடியிருந்தால் பூஞ்சணம் அப்போதுதான் தலைகாட்டும்.