கோல்மேப்: நான்கு வருடம் பயன்படுத்திய பிறகு

சாதாரணப் புகைப்படங்களிலிருந்து முப்பரிமாண மாடல் எடுக்க நான்கு வருடமாக கோல்மேப் மென்பொருளைத்தான் நம்பியிருக்கிறேன். இலவசம், மூலநிரலும் திறந்தே இருக்கிறது. இதன் அடிப்படை, ஷோன்பெர்கரும் ஃப்ராமும் 2016-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை.

முதல் வருடம் மாடல் சரியாக வராதபோதெல்லாம் செட்டிங்ஸைத்தான் நோண்டினேன். கோளாறு நான் படம் எடுத்த விதத்தில் இருந்தது. அறை நடுவில் நின்றபடி சுழன்று சுழன்று எடுப்பேன். நின்ற இடத்திலேயே திரும்பினால், பக்கத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் படத்தில் ஒன்றாகவே நகரும். ஆழத்தைக் கணக்கிட வழியே இல்லை. கால் நகர வேண்டும். இப்போது ஒரு படத்துக்கு ஒரு சின்ன அடி வைக்கிறேன். அடுத்தடுத்த படங்களில் முக்கால் பங்காவது பொதுவாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.

எனக்குப் பாடம் சொன்னது ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பை. வெறும் மேசையில் வைத்து 80 படம் எடுத்தேன். 12 மட்டுமே ஒன்றோடொன்று சேர்ந்தன. படங்களை இணைக்க அடையாளப் புள்ளிகளைத் தேடும் சிஃப்ட் அல்காரிதம் பிடித்துக்கொள்ள, வழவழப்பான வெள்ளையில் ஒரு புள்ளிகூட இல்லை. அப்புறம் கோப்பைக்கு அடியில் செய்தித்தாளை விரித்துவிட்டு, இரண்டையும் அசைக்காமல் நான் சுற்றி வந்தேன். 80 படமும் சேர்ந்தன. அச்செழுத்துகளின் மூலைமுடுக்கெல்லாம் அடையாளப் புள்ளிகளாகிவிட்டன. ஆனால் செய்தித்தாள் அச்சு அசலாக வந்ததே தவிர, கோப்பையின் வயிற்றில் பெரிய ஓட்டை. கேமரா நின்ற இடம் தெரிவது வேறு, பொருளின் பரப்பு கிடைப்பது வேறு என்பது அன்றுதான் உறைத்தது. கண்ணாடி, பளபளப்பான உலோகம் எல்லாம் இதே கதைதான்.

வேகத்தைப் பொறுத்தவரை பொறுமை வேண்டும். 200 படங்களை எல்லா ஜோடியாகவும் ஒப்பிட்டால் 19,900 ஜோடி. வீடியோவிலிருந்து எடுத்த படங்கள் என்றால் வரிசைப்படி ஒப்பிடும் முறையே போதும். வெறும் புள்ளிகளாக இல்லாமல் பரப்பு முழுவதும் நிரம்பிய அடர்த்தியான மாடலுக்கு, CUDA என்ற கணக்கீட்டுத் தொழில்நுட்பம் வேலை செய்யும் என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு தேவை. இன்னொன்று, வரும் மாடலுக்கு உண்மையான அளவு கிடையாது. அதனால் ஒரு அளவுகோலையும் சேர்த்தே படம் எடுப்பேன்.

காட்சியை எண்ணற்ற மங்கலான வண்ணப் பொட்டுகளாகத் தீட்டிக் காட்டும் காஸியன் ஸ்பிளாட்டிங் முறை 2023-ல் வந்தபின் கோல்மேப் தேவையா என்று கேட்கிறார்கள். அந்த முறையே பெரும்பாலும் கோல்மேப் தரும் கேமரா நிலைகளையும் புள்ளிகளையும் வைத்துத்தான் தொடங்குகிறது. பார்த்து ரசிக்க மட்டும் என்றால் ஸ்பிளாட்டிங் அழகு, பளபளப்பையும் தாங்கும். அளந்து பார்க்கவேண்டிய வேலைக்கு நான் இன்றும் கோல்மேப்பின் அடர்த்தியான மாடலுக்கே போகிறேன்.

ஒரு பொருளைச் சுற்றி எடுத்தால், திரையில் கேமராக்கள் சின்னச் சிவப்புப் பிரமிடுகளாக ஒவ்வொன்றாக வந்து உட்காரும். முதலில் அந்த வளையத்தைத்தான் பார்ப்பேன். இரண்டு முனையும் சேராமல் விலகி நின்றால், எந்த செட்டிங்ஸையும் தொடுவதில்லை. கேமராவை எடுத்துக்கொண்டு மறுபடி ஒரு சுற்று போய்விட்டு வருகிறேன்.