கழுத்தில் பிளேட், இடுப்பில் வலி: பெல்ட்டா, பயிற்சியா, ஊசியா, கத்தியா?

கழுத்து எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்கை எடுத்து, டைட்டானியம் பிளேட் வைத்து எலும்பை இணைத்துக்கொண்டவருக்குச் சில ஆண்டுகள் கழித்து இடுப்பு வலி வந்தால், பழி முதலில் அந்த ஆபரேஷன் மீதுதான் விழும். பெரும்பாலும் அது வீண்பழி. பிளேட் போட்டதால் ஏறும் சுமை பக்கத்துக் கழுத்து டிஸ்க்குகளைத்தான் தாக்கும். கழுத்தைத் தேய்த்த வயதும் உடல்வாகும் இடுப்பையும் தேய்க்கின்றன, அவ்வளவுதான்.

ஆனால் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒன்றைப் பார்த்தாக வேண்டும். கழுத்தில் தண்டுவடம் நெருக்கப்பட்டாலும் கால் தளரும். இடுப்பில் நரம்பு நெருக்கப்பட்டாலும் தளரும். இடுப்புக் கோளாறு என்றால் நடக்க நடக்கக் கால் குடையும், உட்கார்ந்தால் தணியும். கழுத்துக் கோளாறில் வலியைவிடத் தடுமாற்றமே அதிகம்: சட்டைப் பொத்தான் போட விரல் திணறும், செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடப்பார்கள். முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டினால் கழுத்துக் கோளாறில் கால் வழக்கத்தைவிட அதிகமாகத் துள்ளும். இடுப்பு நரம்பு கெட்டிருந்தால் துள்ளல் மங்கும். இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு. கழுத்தைத் தொட்டே பார்க்காமல் இடுப்பு ஸ்கேனுக்கு மட்டும் எழுதித் தருபவரிடம் எனக்கு நம்பிக்கை இல்லை.

இனி ஒப்பீடு. பெல்ட்டும், எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷனும் நம் ஊரில் அமோகமாக விற்பனையாகின்றன. உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்காக 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் இரண்டையுமே வேண்டாம் என்கிறது. உடற்பயிற்சிக்குப் பச்சைக்கொடி காட்டுகிறது. என் ஓட்டும் பயிற்சிக்குத்தான். நடையில் தொடங்கலாம். முட்டி போட்டுக் கைகளை ஊன்றி, எதிரெதிர் கையையும் காலையும் நீட்டும் பயிற்சி இடுப்புக்கு நல்லது. பிளேட் உள்ளவர் தலையைத் தூக்காமல், தரையைப் பார்த்தபடி செய்ய வேண்டும். சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம் மூன்றும் கூடாது. இடுப்புக்கு எண்ணெய் போட்டு இதமாகத் தேய்ப்பதில் குற்றமில்லை. "அப்படியே கழுத்தையும் ஒரு சொடுக்கு" என்று கை நீண்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

வலி மாத்திரை சில நாள் துணை மட்டுமே. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதுவும் யோசனைக்குரியது. எலும்பு கூடிவரும் முதல் சில மாதங்களில் இவ்வகை மாத்திரைகளைத் தவிர்க்கச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு.

ஸ்டீராய்டு ஊசியின் எல்லை குறுகியது. காலுக்குள் மின்னல்போல் இறங்கும் கடும் நரம்பு வலிக்குச் சில வாரங்களோ மாதங்களோ ஆறுதல் தரலாம். கால் வலியே இல்லாத வெறும் இடுப்பு வலிக்கு அதைப் போடுவது பணத்துக்குக் கேடு.

கத்தி கடைசி. ஆனால் சிறுநீர் அடைத்தாலோ, மலம் கட்டுப்படாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ, மேலே சொன்ன வரிசையை மறந்துவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கழுத்து, இடுப்பு இரண்டிலும் நெருக்கம் இருந்து, தண்டுவடம் நசுங்கிக்கொண்டிருந்தால் வழக்கமாகக் கழுத்தைத்தான் முதலில் சரிசெய்வார்கள். இடுப்பு ஆபரேஷன் என்றாலும், கழுத்தில் பிளேட் இருப்பதை மயக்க மருத்துவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். இணைத்த கழுத்து முழுதாகப் பின்னால் சாயாது. மூச்சுக்குழாய் போடுவதற்கும், குப்புறப் படுக்கவைத்துத் தலையைத் தாங்குவதற்கும் அவர் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும்.