கேம்ரி, அக்கார்டு, சொனாட்டா: தினமும் ஓட்ட எந்த ஹைப்ரிட்?

பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் செடான் வாங்கப்போகிறேன் என்று யாராவது வாயைத் திறந்தாலே, அடுத்த கேள்வி "எது அதிக மைலேஜ்?" என்றுதான் வருகிறது. சரி, அதை முதலிலேயே முடித்துவிடுவோம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இ.பி.ஏ.வின் சோதனையில் நகரமும் நெடுஞ்சாலையும் சேர்த்து, புதிய டொயோட்டா கேம்ரியின் எல்.இ. வகை லிட்டருக்கு ஏறக்குறைய 21.7 கிலோமீட்டர் தருகிறது. ஹோண்டா அக்கார்டு ஹைப்ரிடின் இ.எக்ஸ்-எல் வகை 20.4. ஹ்யூண்டாய் சொனாட்டா ஹைப்ரிட் 20. காலனுக்கு மைல் என்று அவர்கள் தருவதை மாற்றிப் போட்ட கணக்கு இது. வருடத்துக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டினால், முதல் வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் நடுவே 60 லிட்டர்கூட வித்தியாசம் வராது. கேம்ரிக்கும் அக்கார்டுக்கும் என்றால் 45 லிட்டருக்குள், அதாவது ஒரு முழு டேங்குக்கும் குறைவு.

இப்போது இன்னொரு கணக்கு. அதே அக்கார்டில் விலை கூடிய டூரிங் வகையை எடுங்கள். 20.4 என்பது 18.7 ஆகிவிடுகிறது. வருடத்துக்குக் கூடுதலாக 65 லிட்டருக்கு மேல். எஞ்சின் அதேதான், மோட்டார் அதேதான். மாறியதில் பெரியது சக்கரம்: 17 அங்குலம் போய் 19 அங்குலம். நிறுவனத்துக்கு நிறுவனம் உள்ள வித்தியாசத்தைவிட, ஒரே வண்டியின் இரண்டு வகைகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் பெரியதாக இருக்கிறது. வாங்குபவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

பெட்ரோல் மட்டும் போனால்கூடப் பரவாயில்லை, சொகுசும் சேர்ந்து போகிறது. டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் பாருங்கள். 17 அங்குல அக்கார்டில் 225/50 என்று இருக்கும்: அகலம் 225 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 50 சதவீதம். அப்படியென்றால் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே சுமார் 11 சென்டிமீட்டர் ரப்பரும் காற்றும். 19 அங்குலத்தில் 235/40, ஒன்பதரை சென்டிமீட்டர்கூட இல்லை. ஒரு பாலத்தின் இணைப்பைத் தாண்டும்போது, முதல் வண்டியில் "தப்" என்று மந்தமாகக் கேட்பது இரண்டாவதில் முதுகுத்தண்டு வரை ஏறும். ஷோரூமில் அழகாகத் தெரிவது என்னவோ பெரிய சக்கரம்தான், மறுக்கவில்லை. ஆனால் தினமும் வண்டிக்குள் உட்காரப்போகிறோமே தவிர, வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கப்போவதில்லை.

ஓட்டும் விதத்தில்தான் மூன்றும் உண்மையில் பிரிகின்றன. கேம்ரியில் இருப்பது 1997இல் பிரியஸோடு வந்த ஏற்பாட்டின் இன்றைய வாரிசு. எஞ்சினும் இரண்டு மோட்டார்களும் ஒரு கோள்பல்சக்கரத் தொகுதியில், அதாவது நடுப்பல்சக்கரத்தைச் சுற்றிச் சிறிய பல்சக்கரங்கள் சுழலும் அமைப்பில், பிணைந்திருக்கின்றன. எஞ்சினின் சக்தியில் ஒரு பங்கு நேராகச் சக்கரத்துக்குப் போகிறது, மறு பங்கு மின்சாரமாகிப் போகிறது. அக்கார்டு வேறு வழி. பெரும்பாலான நேரம் அதன் எஞ்சின் சக்கரத்தைத் தொடுவதே இல்லை. அது ஜெனரேட்டரைச் சுற்ற, மோட்டார்தான் வண்டியை இழுக்கிறது. நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் ஒரு கிளட்ச் சேர்ந்து எஞ்சினை நேரடியாக இணைக்கும்.

இதனால் என்ன என்று கேட்டால், பார்க்கிங்கின் அடித்தளத்திலிருந்து மேலே ஏறும் சாய்தளத்தில் தெரிந்துவிடும். அக்கார்டு சத்தமில்லாமல், லிஃப்ட் ஏறுவது போல ஏறும். 335 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும் மோட்டார் அது, காலை வைத்ததும் பிக்கப் கையில் வந்துவிடுகிறது. சிக்னலுக்கு சிக்னல் நின்று போகிற ஓட்டத்தில் இந்த மிருதுத்தன்மை அலுப்பைப் பாதியாகக் குறைக்கும். ஆனால் பேட்டரி கீழே இறங்கியிருக்கும்போது நீண்ட ஏற்றம் வந்தால், எஞ்சின் தன்பாட்டுக்கு ஒரே சுருதியில் இரைய ஆரம்பிக்கும். காலுக்கும் காதுக்கும் சம்பந்தமில்லாத அந்த இரைச்சல் சிலருக்குப் பிடிக்கவே பிடிக்காது. கேம்ரியிலும் அது உண்டு. ஆனால் அதன் 2.5 லிட்டர் எஞ்சினும் 225 குதிரைத்திறனும் நெடுஞ்சாலையில் கை கொடுக்கின்றன. இ.எக்ஸ்-எல் அக்கார்டின் மைலேஜே அங்கே 18.7க்கு இறங்கும்போது எல்.இ. கேம்ரி 21க்கு மேலேயே நிற்கிறது.

சொனாட்டாவுக்கு இவ்வளவு விளக்கம் தேவையில்லை. சாதாரண 6 கியர் ஆட்டோமேட்டிக், அதற்கு முன்னால் ஒரு மோட்டார், அவ்வளவுதான். கியர் மாறுவது தெரியும், சத்தம் வேகத்தோடு ஏறி இறங்கும், பழைய வண்டியிலிருந்து மாறுபவருக்கு ஒன்றும் புதிதாக இருக்காது. வேடிக்கை என்னவென்றால், மற்ற இரண்டுக்கும் நகரத்தில் மைலேஜ் அதிகம், இதற்கு நெடுஞ்சாலையில்தான் அதிகம்.

பின்சீட்டில் பெரியவர்கள் உட்காருவார்கள் என்றால் அக்கார்டு தெளிவாக முந்துகிறது. கால் நீட்டும் இடம் கேம்ரியைவிட ஏழு சென்டிமீட்டர் கூடுதல், டிக்கியும் பெரிது. உயரமான ஓட்டுநரின் சீட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு அதற்குப் பின்னாலேயே உட்கார்ந்து பார்த்தால், அந்த ஏழு சென்டிமீட்டர் எங்கே இருக்கிறது என்று முழங்கால் சொல்லும். ஏறி இறங்குவதற்கு மூன்றுமே தாழ்வுதான், மூட்டுவலிக்காரர்களுக்கு முழுக்க ஒத்துவராது.

எனக்கு வாங்கச் சொன்னால் 17 அங்குலச் சக்கரத்தோடு அக்கார்டு. வாரத்தில் பாதி நாள் நெடுஞ்சாலையிலேயே கழிகிறவருக்குச் சிறிய சக்கரக் கேம்ரி. ஓட்டிப் பார்க்கும்போது பெரும்பாலும் விலை கூடிய வகையையே கையில் தருவார்கள். கீழ் வகைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கி, மோசமான சாலையாகப் பார்த்து ஓட்டுங்கள், ஆடியோவை அணைத்துவிட்டு. அப்புறம் இறங்கும் முன் பின்சீட் பக்கம் ஒரு சின்னக் காற்றுத் துவாரம் இருக்கிறதா என்று பாருங்கள். பல ஹைப்ரிட்களில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று அதன் வழியாகத்தான் போகிறது. பையையோ போர்வையையோ அதன்மேல் போட்டு அடைத்துவிடக் கூடாது. வடிகட்டி இருந்தால் அதையும் அவ்வப்போது தூசி தட்டிவிட வேண்டும்.