அப்பப்பாவின் பிரஜாவுரிமையைத் தேடி

மூன்று வாரம் திருகோணமலையில் நின்றேன். கோணேசர் கோயிலுக்கு ஒரு நாள், நிலாவெளிக்கு ஒரு நாள், மிச்சமெல்லாம் கடதாசிக்குப் பின்னால் ஓடியதுதான்.

அப்பப்பா இராமநாதபுரத்துக்காரர். வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே நேவி டொக்யாட்டில் வேலைக்கு வந்தவர். எப்போது இலங்கைப் பிரஜை ஆனார் என்று டொரொண்டோவில் கேட்டால் ஆளுக்கொரு கதை.

முதலில் அப்பாவின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துக்கு ஒரு பிரதி கேட்டுப் போனேன். எந்தக் கந்தோர் என்பது இங்கே வேண்டாம். முதல் நாள் "அப்படி ஒரு பதிவே இல்லை" என்றார்கள். இரண்டாம் நாள் வேறு மேசைக்கு அனுப்பினார்கள், போய்ச் சேர்ந்தபோது அங்கே மதியச் சாப்பாடு. மூன்றாம் நாள் ஒரு பிள்ளை, "அண்ணா, விநாயகமூர்த்தியை ஆங்கிலத்தில் வீ போட்டுத்தானே தேடினீங்கள்? டபிள்யூவிலும் பார்ப்போம்" என்றாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அந்தப் பத்திரத்தில், பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் எழுது என்றொரு கட்டம் இருக்கிறது. அதில் மையால் ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் கேட்டதே அதைத்தான்: தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இருவருமே. அப்பப்பாவிடம் ஒன்றுமில்லை. அவருக்கு மிஞ்சிய வழி 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம். 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ந்து, கலியாணம் கட்டியவர் 7 வருடம், கட்டாதவர் 10 வருடம் இங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். விண்ணப்பிக்க இரண்டு வருடம்தான் தந்தார்கள். நிரூபிக்க முடியாமல் போனவர்களைத்தான் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கணக்குப் போட்டுப் பிரித்தது: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர்.

அப்புறம்தான் மாமிக்கு ஞாபகம் வந்தது. தகரப் பெட்டியில், சீலைக்கு அடியில், டொக்யாட் சம்பளத் துண்டுகளோடு மடித்து வைத்த அப்பப்பாவின் பிரஜாவுரிமைப் பதிவுச் சான்றிதழ்! மடிப்பில் கிழிந்திருந்தாலும் இலக்கம் தெளிவாக இருந்தது. இதைத் தேடுகிறவர்கள் கந்தோருக்குப் போகுமுன் வீட்டுப் பெட்டிகளைக் கிளறுங்கள். இலக்கம் கையில் இருந்தால் பேச்சே வேறு.

பத்தரமுல்லையில் பிரஜாவுரிமைப் பிரிவுக்கு அந்த இலக்கத்தைப் போட்டுக் கடிதம் கொடுத்துவிட்டேன். மூலத்தைக் கொண்டுபோகட்டுமா என்று மாமியைக் கேட்டேன்.

"போட்டோ எடு" என்றவர், பெட்டியைப் பூட்டித் திறப்பைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.