முன்னோட்டத்தை விடுங்கள், பெயர்களைப் பாருங்கள்: சீசன்தோறும் அனிமே தேர்ந்தெடுக்கும் என் அனுபவம்

ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர். இந்த நான்கு மாதங்களின் தொடக்கத்திலும் ஜப்பானியத் தொலைக்காட்சிகளில் அனிமே எனப்படும் ஜப்பானிய அனிமேஷன் தொடர்கள் புதிதாக வரிசை கட்டி வருகின்றன. ஒரு சீசனுக்கு ஏறக்குறைய ஐம்பது தொடர்கள். சில சீசன்களில் அதற்கும் மேல். பெரும்பாலானவை வாரம் ஒரு பகுதி என்று மூன்று மாதம் ஓடி, பன்னிரண்டு அல்லது பதின்மூன்று பகுதிகளில் முடிகின்றன. சில தொடர்கள் ஆறு மாதம் தொடர்ந்து ஓடும். இவற்றில் எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று முடிவு செய்ய லைவ்சார்ட், மைஅனிமிலிஸ்ட் ஆகிய இரண்டு தளங்களையும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அந்தப் பயன்பாட்டில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சீசன் தொடங்கும் நேரத்தில் முன்னோட்டமும் மதிப்பெண்ணும் நமக்குச் சொல்வது மிகக் குறைவு. இயக்குநர் யார், கதையைப் பகுதி பகுதியாக அமைப்பவர் யார் என்ற இரண்டு பெயர்கள் சொல்வது மிக அதிகம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் குடும்பத்துக்குக் கொலுசுப் பட்டறை இருக்கிறது. வேலை முடித்து, சாப்பிட்டு உட்கார்ந்தால் இரவில் ஒரு மணி நேரம் கிடைக்கும். ஒரு பகுதிக்கு இருபத்து நான்கு நிமிடம். தொடக்கப் பாட்டும் முடிவுப் பாட்டும் ஒன்றரை ஒன்றரை நிமிடம் எடுத்துக்கொள்ளும். எனவே ஓர் இரவுக்கு இரண்டு பகுதிகள் வசதியாகப் பார்க்கலாம். கணக்குக்கு இது தாராளம்தான். ஆனால் தொழிலுக்கு அதன் நாட்காட்டி உண்டு. அக்டோபர் சீசன் தொடங்கும்போது தீபாவளி ஆர்டர்கள் குவிந்திருக்கும். அப்போது இரண்டு தொடர்களுக்கு மேல் எடுப்பதில்லை. ஏப்ரலில் அட்சய திருதியை நெருக்கடி. ஆடியில் கல்யாணம் கிடையாது, வேலையும் தணிந்திருக்கும். கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஊரே திரண்டிருக்கும் அந்த நாட்களில்தான் ஜூலை சீசன் ஓடும். ஆண்டிலேயே அதிகத் தொடர்களைப் பார்ப்பது அப்போதுதான். எத்தனை தொடர் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகுதான் எந்தத் தொடர் என்று பட்டியலைத் திறக்கிறேன். இந்த வரிசை மாறினால் பட்டியல் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும்.

லைவ்சார்ட்டில் ஒவ்வொரு தொடருக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. சுவரொட்டிப் படம், ஸ்டூடியோவின் பெயர், மூலம் மாங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதையா, லைட் நாவல் எனப்படும் எளிய நாவலா, புதிதாக எழுதிய கதையா என்ற குறிப்பு, முதல் பகுதி வருவதற்கு இன்னும் எத்தனை நாள், எத்தனை மணி என்று குறைந்துகொண்டே வரும் எண்கள். பார்க்கிறேன், யோசிக்கிறேன், வேண்டாம் என்று குறித்து வைக்கலாம். முதல் சுற்றில் நான் செய்வது வேண்டாம் என்று குறிப்பது மட்டுமே. முந்தைய பாகம் பார்க்காத தொடர்ச்சிகள் போய்விடும். லாரியில் அடிபட்டு வேறு உலகத்தில் பிறக்கும் கதைகளில் முக்கால்வாசியும் போய்விடும். மிஞ்சுவது பதினைந்து, இருபது. அவற்றுக்கு மட்டும் மைஅனிமிலிஸ்ட்டில் கலைஞர்கள் பக்கத்தைத் திறந்து பெயர்களைப் பார்க்கிறேன்.

கொலுசு வாங்க வருபவர் மெருகைப் பார்ப்பார். தொழில் தெரிந்தவர் திருப்பிப் போட்டுப் பற்றவைத்த இடத்தைப் பார்ப்பார். முன்னோட்டம் என்பது மெருகு. தொடர் முழுவதிலிருந்தும் தேர்ந்தெடுத்த ஒன்றரை நிமிடம் அது. பல நேரங்களில் தொடரில் மிகச் சிறப்பாக வரைந்த காட்சிகளே அதில் இருக்கும். பதினோராவது பகுதி எப்படி இருக்கும் என்பதை அது ஒருநாளும் சொல்லாது.

ஸ்டூடியோ பெயரை வைத்துத் தேர்ந்தெடுப்பவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை என்பது என் கருத்து. வின்லாண்ட் சாகா முதல் பாகம் 2019 ஜூலையில் விட் ஸ்டூடியோவிலிருந்து வந்தது. இரண்டாம் பாகம் 2023 ஜனவரியில் மாப்பா ஸ்டூடியோவுக்குப் போனது. ஸ்டூடியோ மாறிவிட்டதே என்று பலரும் கவலைப்பட்டார்கள். ஆனால் இயக்குநர் ஷூஹே யபுட்டா அப்படியே இருந்தார். கதையமைப்பாளர் ஹிரோஷி செகோவும் இருந்தார். போர்க்களத்தை விட்டுவிட்டு வயலில் அடிமையாக உழைக்கும் இளைஞனைச் சுற்றி நகரும் அந்த மெதுவான இரண்டாம் பாகம் முதல் பாகத்தின் மூச்சை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தது. மறுபக்கம் ஒன் பஞ்ச் மேன். 2015 அக்டோபரில் வந்த முதல் பாகத்தை மாட்ஹவுஸில் இயக்கியவர் ஷிங்கோ நட்சுமே. 2019 ஏப்ரலில் இரண்டாம் பாகம் வந்தபோது ஸ்டூடியோவோடு இயக்குநரும் மாறியிருந்தார். சண்டைக் காட்சிகள் முன்போல இல்லை என்று உலகம் முழுவதும் ரசிகர்கள் குறைபட்டுக்கொண்டார்கள். அந்தத் தொடரின் பெயரைத் தொடர்ந்து போவதைவிட நட்சுமேயின் பெயரைத் தொடர்ந்து போயிருந்தால் ஆக்கா என்ற அருமையான அரசியல் தொடரும், 2021 ஜூலையில் வந்த சன்னி பாயும் கிடைத்திருக்கும். சன்னி பாய் போன்ற ஒன்றை முன்னோட்டத்தையும் மதிப்பெண்ணையும் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள் எளிதில் தாண்டிப் போய்விடுவார்கள்.

இயக்குநரைவிடவும் கதையமைப்பாளரின் பெயரை நான் அதிகமாக நம்புகிறேன். மாங்காவின் எத்தனை அத்தியாயங்களை ஒரு பகுதிக்குள் அடக்குவது, எந்த இடத்தில் பகுதியை நிறுத்துவது, எதை வெட்டுவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. ரெய்கோ யோஷிடா என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். 2009இல் பள்ளி மாணவிகளின் இசைக்குழுவைப் பற்றிய கே-ஆன், 2018இல் வயலட் எவர்கார்டன், 2022 ஜனவரியில் தொலைக்காட்சிக்கு வந்த ஹெய்கே வம்சக் கதை. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத கதைக்களங்கள். ஆனால் ஒரு மனிதர் வாய்விட்டுச் சொல்லாததைப் பக்கத்தில் இருப்பவர் புரிந்துகொள்ளும் அந்தக் கணத்துக்கு இடம் கொடுப்பது மூன்றிலும் இருக்கிறது. ஹெய்கேயில் பதினோரே பகுதிகளில் ஒரு குலத்தின் வீழ்ச்சியையே சொல்லிவிட்டார். அதை இயக்கியவர், கே-ஆனை இயக்கிய அதே நவோகோ யமாடா. இந்த இரண்டு பெயர்களும் சேர்ந்து வந்தால் நான் வேறு எதையும் பார்ப்பதில்லை.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்த உதாரணம் டஞ்சன் மேஷி. 2024 ஜனவரியில் தொடங்கி இருபத்து நான்கு பகுதிகள் ஓடியது. பாதாளக் குகைக்குள் போகும் குழு, பணம் இல்லாமல் அங்கிருக்கும் அரக்க உயிர்களையே சமைத்துச் சாப்பிடுகிறது என்பது கதை. கேட்கும்போது ஒரே வேடிக்கையை இருபத்து நான்கு பகுதிகளுக்கு இழுப்பார்களோ என்று தோன்றும். கதையமைப்பு கிமிகோ உயெனோ என்று பார்த்ததும் எனக்கு அந்தச் சந்தேகம் போய்விட்டது. ஷின்சான் திரைப்படங்கள் சிலவற்றுக்குத் திரைக்கதை எழுதியவர் அவர். ஷின்சானைத் தமிழில் பார்த்து வளர்ந்த நமக்கு, சிரிப்புக்கு நடுவே குடும்பத்தை உட்கார வைக்கும் அந்தக் கை பழக்கமானதுதான். முதல் பகுதியில் சென்ஷி என்ற குள்ளர், பெரிய தேளின் வாலை வெட்டி எறிந்துவிட்டு, வெந்து சாறு இறங்குவதற்காக உடலில் கத்தியால் கீறல் போடுவார். நடக்கும் காளானையும் நறுக்கி அதே சட்டியில் போடுவார். நான் வசனங்களைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அம்மா அந்தக் கீறலைப் பார்த்ததும், "மீனுக்கும் அப்படித்தானே போடுகிறோம், இவர் சமைக்கத் தெரிந்தவர்" என்றார். அதன்பிறகு வியாழக்கிழமை வந்தால் அவரே கேட்பார்.

பெயர் பார்க்கும் முறைக்கு ஓர் எல்லை உண்டு. முதல் தொடரை இயக்குபவருக்குப் பெயர் ஏது? 2022 அக்டோபரில் போச்சி த ராக் வந்தபோது கெய்ச்சிரோ சாய்ட்டோ அதுவரை ஒரு முழுத் தொடரையும் இயக்கியிருக்கவில்லை. நான்கு கட்டப் படக்கதை ஒன்றிலிருந்து எடுத்த, கூச்சம் மிகுந்த கித்தார் பெண்ணின் கதை. களிமண் பொம்மை, நிஜப் படப்பிடிப்பு என்று கையில் கிடைத்த எல்லா முறைகளையும் அவளுடைய பதற்றத்தைக் காட்டப் பயன்படுத்தியிருந்தார். அடுத்த ஆண்டே ஃப்ரீரென் அவர் இயக்கத்தில் வந்தது. இரண்டும் எத்தனை வேறுபட்டவை! அது ஓசையும் குழப்பமும், இது ஆயிரம் ஆண்டு வாழும் ஒருத்தியின் நிதானம். புது இயக்குநர்களுக்காக ஒவ்வொரு சீசனிலும் ஓர் இடத்தைக் காலியாக வைத்திருப்பது இதற்காகத்தான்.

மதிப்பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். மைஅனிமிலிஸ்ட்டில் பத்துக்கு எத்தனை என்று பயனர்கள் தரும் சராசரி அது. முதல் வாரத்தில் அது பெரும்பாலும் மூலக் கதைக்கு ஏற்கெனவே இருக்கும் ரசிகர்களின் உற்சாகத்தைக் காட்டுகிறது. இரண்டாம், மூன்றாம் பாகங்களின் எண் மேலே ஏறுவதற்கும் காரணம் எளிது. பிடிக்காதவர்கள் முதல் பாகத்தோடு போய்விட்டார்கள், எஞ்சியிருப்பவர்கள் பிடித்தவர்கள். ஆகவே 8.5 பெற்ற மூன்றாம் பாகமும் 7.6 பெற்ற புதுத் தொடரும் ஒரே தராசில் நிற்பவை அல்ல. சீசன் முடிந்து ஓராண்டு கழித்துப் பார்க்கும் எண்ணுக்கு மதிப்பு உண்டு. தொடக்கத்தில் அதை மறைத்துவிட்டுப் பார்ப்பதே நல்லது.

மூன்று பகுதிகள் பார்த்துவிட்டு முடிவு செய் என்ற பழக்கம் 2011 ஜனவரியில் வந்த மடோகா மாஜிகா தொடரால் நன்றாகப் பரவியது. அதன் மூன்றாவது பகுதியின் முடிவைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். நல்ல பழக்கம்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. ஓஷி நோ கோ 2023 ஏப்ரலில் ஒன்றரை மணி நேர முதல் பகுதியோடு வந்தது. அந்த ஒன்றிலேயே முடிவெடுத்துவிடலாம். ஃப்ரீரென் 2023 செப்டம்பர் 29 அன்று நான்கு பகுதிகளைச் சேர்த்து இரண்டு மணி நேரமாகத் தொடங்கியது. பிறர் கதையிலிருந்து எடுக்காத புதுக்கதைகளுக்கு நான் ஐந்து வாரம் தருகிறேன்.

இந்த விஷயத்தில் என்னோடு உடன்படாதவள் ஏற்காட்டில் இருக்கும் என் சித்தப்பா மகள். நாகலூர் பக்கம் அவர்களுக்குச் சிறிய காப்பித் தோட்டம். ஜனவரி சீசனில் காப்பிப் பழம் பறிப்பு நடக்கும். மேலே போனால் நாள் முழுக்கத் தோட்டத்தில்தான். சிக்னல் நம்ப முடியாது. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவதற்கு முன்பே, சேலத்தில் வைத்து வாரத்துப் பகுதிகளைப் பதிவிறக்கிக்கொண்டு போவேன். "அண்ணா, நீங்கள் பெயரைப் பார்த்தே பாதியைத் தள்ளிவிடுகிறீர்கள். நான் எல்லாவற்றிலும் முதல் பத்து நிமிடம் பார்த்துவிடுவேன்" என்பாள். அவளுக்கு விடுமுறை இருக்கிறது, அவளால் முடிகிறது. அந்தப் பத்து நிமிடத்தில் அவள் கவனிப்பது பேசாமல் நிற்கும் காட்சிகளை. யாரும் பேசாதபோதும் படம் உயிரோடு இருந்தால் எடுத்துக்கொள்வாள். அவள் சொல்லி நான் சேர்த்த தொடர்கள் உண்டு. அவற்றில் பல புது இயக்குநர்களுடையவை என்பதும் உண்மை.

நேரக் கணக்கில் புதியவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். ஜப்பானிய அட்டவணையில் சனி 25:30 என்று போட்டிருப்பார்கள். ஞாயிறு அதிகாலை ஒன்றரை மணி என்று பொருள். ஜப்பான் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் இருப்பதால், நமக்கு அது சனி இரவு பத்து மணி. லைவ்சார்ட் நம் நேரத்துக்கே மாற்றிக் காட்டிவிடுகிறது. இங்கே ஆப்பில் வர அதற்குப் பிறகும் சற்று நேரம் ஆகலாம்.

பார்க்கும் வழி பற்றியும் ஒரு வார்த்தை. 2022இல் க்ரஞ்சிரோல் என்ற அனிமே ஓடிடி தளம் இந்தியாவுக்கு மாதம் 79 ரூபாய் என்று கட்டணத்தைக் குறைத்தபோதுதான் எங்கள் தெருவில் பல பிள்ளைகள் சந்தா கட்டத் தொடங்கினார்கள். மியூஸ் ஏஷியா என்ற சேனல் யூடியூபில் இலவசமாகவே சில தொடர்களைத் தருகிறது. 2023 முதல் தமிழ் டப்பிங்கும் வருகிறது; சோலோ லெவலிங்கைத் தமிழில் பார்க்க முடிகிறது. ஆனால் தமிழில் வருபவை பெரும்பாலும் சண்டைத் தொடர்களாகவே இருப்பது எனக்குக் குறையாகப் படுகிறது. ஹெய்கே போன்ற ஒன்றை, அதன் அரசவைப் பேச்சுக்கு ஏற்ற நல்ல தமிழில், நல்ல குரல்களில் கேட்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

சீசனில் தவறவிட்டதற்காகப் பதற வேண்டியதில்லை. 2021 ஏப்ரலில் வந்த ஆட் டாக்ஸி, விலங்குகள் மனிதர்களாக வாழும் டோக்கியோவில் வால்ரஸ் என்ற தந்தமுள்ள கடல்விலங்கின் முகம் கொண்ட டாக்ஸி ஓட்டுநரைப் பற்றிய பதின்மூன்று பகுதிக் கதை. முதலில் கவனித்தவர்கள் கொஞ்சம் பேர். வாய்வழியாகத்தான் அது பரவியது. டாக்ஸியில் ஏறுபவர்களின் சாதாரணப் பேச்சு ஒவ்வொன்றும் பின்னால் எங்கோ வந்து சேரும். அதனால் முடிந்தபின் சேர்த்துப் பார்ப்பதே அதற்கு இன்னும் பொருத்தம். ஒவ்வொரு சீசன் முடிவிலும், அடுத்த பட்டியலைத் திறப்பதற்கு முன், பழைய பட்டியலில் யோசிக்கிறேன் என்று குறித்திருந்தவற்றை மறுபடி பார்க்கிறேன். அதிலிருந்து ஒன்றை எடுத்து, அடுத்த மூன்று மாதத்தின் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு வைத்துக்கொள்கிறேன்.